கிடார் கலைஞர் பீட்டர் கிரீன்

கிடார் என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது ஞாயிறு திருப்பலியில் பாடற்குழுவினருக்குத் துணையாக ஒலிக்கும் மரக் கிடார்தான். அதை மீட்டுபவர் யாரென்று கூட நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டு முன்னே செல்லும். கிடார் பின்னே வரும். ஆனால் 1960-களில் இங்கிலாந்து நாட்டில் கிடாரே பாடத் தொடங்கிய காலம் ஒன்று இருந்தது. பாடுபவரை விட கிடார் வாசிப்பவரைக் காணவே இளைஞர் கூட்டம் திரண்டது. லண்டன் நகரத்துச் சுவர் ஒன்றில் 'கிளாப்டனே கடவுள்' என்று யாரோ எழுதியே வைத்துவிட்டார்கள். (நம் அருட்சகோதரியர் அந்தச் சுவரைக் கண்டிருந்தால் வாளியும் துடைப்பமும் அன்றே சென்றிருக்கும்!)

அந்த எரிக் கிளாப்டனைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டவர், கிளாப்டன் விட்டுச் சென்ற இடத்தில் வந்து நின்ற இன்னோர் இளைஞர். அவர் பெயர் பீட்டர் கிரீன். பெயர் சொன்னவுடன் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் நம்மிடையே அறிமுகமானவர் அல்லர். அவர் தொடங்கிய 'பிளீட்வுட் மாக்' என்னும் இசைக்குழுவின் பெயரை அறிந்தவர்கள் கூட, அதை அவர் தொடங்கினார் என்பதை அறியமாட்டார்கள். புகழின் உச்சியில் அவர் நின்றது மூன்றே ஆண்டுகள். 23 வயதில் அனைத்தையும் விட்டு இறங்கிவிட்டார். ஏன் இறங்கினார் என்ற கேள்விக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்பு அவர் வாசித்த இசை எத்தகையது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

'ப்ளூஸ்' என்பது அமெரிக்காவின் தென்பகுதியில், முக்கியமாக மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில், கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1865-இல் சட்டப்படி அடிமைத்தனம் ஒழிந்தது. ஆயினும் பருத்திக்காட்டு வேலையும் கடனும் அவமதிப்பும் ஒழியவில்லை. வயலில் வேலை செய்யும்போது ஒருவர் பாட மற்றவர் பதில் பாடும் வழக்கமும், ஆலயத்தில் பாடிய பக்திப் பாடல்களும் சேர்ந்து உருவானதே ப்ளூஸ். ஆங்கிலத்தில் 'ப்ளூ' என்ற சொல் நீல நிறத்தை மட்டுமன்றி மனத்துயரத்தையும் குறிக்கும். பெயர் அதிலிருந்து வந்தது.

இதன் அமைப்பு மிக எளிது. பன்னிரண்டு தாள அளவைகள், மூன்றே சுரக்கோவைகள். பாடுபவர் ஓர் அடியைப் பாடுகிறார். அதையே மீண்டும் பாடுகிறார். மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்லி முடிக்கிறார். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் சிறிது இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் கிடார் பேசுகிறது. 'எனக்கு இப்படி ஆயிற்று' என்று பாடகர் சொன்னால், 'ஆமாம், ஆமாம், எனக்குத் தெரியும்' என்று கிடார் ஆறுதல் கூறுவது போல இருக்கும். வாசிப்பவர் விரலால் தந்தியை ஓரமாகத் தள்ளி, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே உள்ள இடத்துக்குக் கொண்டுபோவார். வீணையில் தந்தியை இழுத்து வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்த நடுவிடத்தில்தான் அழுகை போன்ற ஒலி பிறக்கிறது.

எளிதான அமைப்பு என்பதால் எவரும் வாசித்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று சுரக்கோவைகளை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். ஆனால் எந்தச் சுரத்தை வாசிக்காமல் விடுவது என்பதைக் கற்பதற்குத்தான் காலம் பிடிக்கும்.

மிசிசிப்பியிலிருந்து வேலை தேடி மக்கள் வடக்கே சிகாகோ நகருக்குச் சென்றபோது இந்த இசையும் அவர்களுடன் சென்றது. அங்கே மின்சாரக் கிடாரும் ஒலிபெருக்கியும் அதனுடன் சேர்ந்தன. 1958-இல் சிகாகோவின் மடி வாட்டர்ஸ் என்ற கலைஞர் இங்கிலாந்துக்கு வந்து வாசித்தார். அமெரிக்க இசைத்தட்டுகளும் கப்பலேறி வந்தன. லண்டன் நகரத்து இளைஞர்கள் அந்தத் தட்டுகளைத் தேய்ந்து போகும் வரை கேட்டுக் கேட்டு வாசிக்கக் கற்றார்கள். பருத்திச் செடியையே கண்டிராத பிள்ளைகள் பருத்திக்காட்டுப் பாட்டுக்கு மயங்கியது வியப்புதான். இவ்வாறு மயங்கியவர்கள் தாங்கள் கற்ற ப்ளூஸுடன் ராக் இசையின் வேகத்தையும் உரத்த ஒலியையும் சேர்த்தார்கள். அதுவே 'ப்ளூஸ் ராக்' எனப் பெயர் பெற்றது.

பீட்டர் கிரீன் 1946-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் பிறந்தார். எளிய யூதக் குடும்பம். நான்கு பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. பீட்டர் ஆலன் கிரீன்பாம் என்பது முழுப்பெயர். குடும்பப் பெயர் பின்னர் கிரீன் என்று சுருங்கிற்று. அண்ணன் ஒருவர் கிடாரில் முதல் சில சுரக்கோவைகளைக் காட்டிக் கொடுத்தார். மீதியைப் பதினோரு வயதுப் பிள்ளை தானே கற்றுக்கொண்டது. யூதன் என்பதால் சிறுவயதில் மற்றப் பிள்ளைகளின் ஏளனத்துக்கு ஆளானதுண்டு. அவருடைய வாசிப்பில் உள்ள துயரம் கடன் வாங்கிய துயரம் அன்று என்று கூறுவோர் இதையே காரணமாகக் காட்டுவர். பள்ளியை விட்டபின் இறைச்சிக் கடையில் வேலை பார்த்தார். மரச்சாமான்களுக்கு மெருகு பூசும் வேலையும் பார்த்தார். நம் வயதில், அதாவது 15 வயதில், மேடையில் வாசித்துப் பணம் பெறத் தொடங்கினார்.

அந்நாளில் லண்டனில் ஜான் மேயால் என்பவர் 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' என்ற குழுவை நடத்திவந்தார். அதைக் குழு என்பதைவிடப் பள்ளிக்கூடம் என்பதே பொருந்தும். அங்கே பயின்று வெளியே சென்று புகழ்பெற்றவர்கள் அத்தனை பேர். எரிக் கிளாப்டன் அங்கேதான் வாசித்தார். 1965-இல் கிளாப்டன் சில காலம் வராமல் போனபோது கிரீன் சில நிகழ்ச்சிகளில் அவருக்குப் பதிலாக நின்றார். 1966-இல் கிளாப்டன் ஒரேயடியாக விலகியபின் அந்த இடம் கிரீனுக்கே கிடைத்தது.

சுவரில் 'கடவுள்' என்று எழுதப்பட்டவரின் இடத்தில் 19 வயதுப் பையன் போய் நிற்பது எளிதா? கூட்டத்திலிருந்து 'கிளாப்டன் எங்கே?' என்ற குரல்கள் வந்தன. டெக்கா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் குழுவினர் சென்றபோது, பதிவை மேற்பார்த்த மைக் வெர்னானும் அதையே கேட்டார். கவலை வேண்டாம், ஓரிரு ஆண்டுகளில் இவர்தான் எல்லாரினும் சிறந்தவராவார் என்று மேயால் பதிலளித்தாராம். அந்தப் பதிவு 'எ ஹார்ட் ரோட்' என்னும் தொகுப்பாக 1967-இல் வெளிவந்தது.

அதில் 'தி சூப்பர்நேச்சுரல்' என்ற, பாட்டில்லாத, கிடார் மட்டுமே முன்னிற்கும் ஓர் உருப்படி உண்டு. அதைக் கேட்டால் முதலில் திகைப்பே உண்டாகும். மற்றவர்கள் நொடிக்குப் பத்துச் சுரம் வாசித்துத் தம் திறமையைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஒரே சுரத்தைப் பிடித்து, மூச்சு முட்டும் வரை நீட்டிக்கொண்டே போகிறார். தந்தியை ஒருமுறை மீட்டினால் ஒலி தேய்ந்து மறைவதுதானே இயற்கை? இங்கே ஏன் மறையவில்லை?

இதற்கு விடை நம் இயற்பியல் பாடநூலில் மின்காந்தத் தூண்டல் என்னும் பாடத்திலேயே இருக்கிறது. மின்சாரக் கிடாரில் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதையொட்டி மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் வைக்கப்பட்டுள்ளன. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது; சுருளில் மின்னோட்டம் தோன்றுகிறது; அதை ஒலிபெருக்கி பெரிதாக்கி ஒலியாக வெளியிடுகிறது. ஒலிபெருக்கிக்கு அருகே, சரியான கோணத்தில் நின்றால், வெளிவரும் ஒலியே திரும்பி வந்து தந்தியை அதிரச் செய்யும். அதிர்ந்த தந்தி மீண்டும் ஒலிபெருக்கிக்குச் செல்லும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் அது நிற்காமல் ஆடுவது போலத்தான். சற்றே தவறினாலும் அது காதைக் கிழிக்கும் கூச்சலாகிவிடும். (மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே காட்டினால் என்ன ஆகும் என்பதை எந்த ஆண்டுவிழாவிலும் கேட்கலாம்.) அந்தக் கூச்சலைப் பழக்கி, ஒரே சுரமாக நிறுத்தி வைத்ததுதான் கிரீனின் திறமை.

அவருடைய கிடாரிலும் ஒரு விந்தை இருந்தது. அது கிப்சன் நிறுவனம் 1959-இல் செய்த 'லெஸ் பால்' வகை. அதில் இரண்டு ஒலிவாங்கிகள் உண்டு. கழுத்துப் பக்கம் உள்ள ஒலிவாங்கியின் காந்தம் வடமுனை தென்முனை மாறித் திரும்பியிருந்தது. இரண்டையும் ஒருங்கே இயக்கினால் ஒன்றில் மின்னோட்டம் ஏறும்போது மற்றதில் இறங்கும். ஆகவே ஒலியின் ஒரு பகுதி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது மெலிந்த, உள்ளீடற்ற, மூக்கால் பாடுவது போன்ற ஓர் ஒலி. குற்றம் என்று வேறொருவர் திருத்தியிருப்பார். கிரீனின் அடையாளமே அதுவாயிற்று. ஆயினும் எல்லாப் புகழையும் அந்தக் காந்தத்துக்குக் கொடுத்துவிடுவது சரியன்று. பிற்காலத்தில் பலர் வேண்டுமென்றே தம் கிடாரின் காந்தத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். எல்லாரும் பீட்டர் கிரீன் ஆகிவிடவில்லை.

மேயால் ஒருமுறை கிரீனுக்குப் பரிசாக, கட்டணமின்றி ஒலிப்பதிவு செய்யச் சில மணி நேரம் வாங்கிக் கொடுத்தார். கிரீன், மத்தளக்காரர் மிக் பிளீட்வுட், அடிநாதக் கிடார் வாசிக்கும் ஜான் மக்வீ ஆகிய மூவரும் சென்று ஐந்து உருப்படிகள் பதிவு செய்தார்கள். அவற்றில் பாட்டில்லாத ஒன்றுக்குத் தோழர் இருவரின் பெயரையும் சேர்த்து 'பிளீட்வுட் மாக்' என்று கிரீன் பெயரிட்டார். 1967-இல் தாமே ஒரு குழுவைத் தொடங்கியபோது அதற்கும் அப்பெயரையே வைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 13-இல் விண்ட்சர் இசை விழாவில் குழு முதன்முதலாக மேடையேறியது. அப்போது மக்வீ இன்னும் குழுவில் சேரவே இல்லை! சில வாரங்கள் கழித்தே வந்தார்.

தலைவர் தாம், பாடுபவர் தாம், பாட்டு எழுதுபவர் தாம், கூட்டம் வருவதும் தம்மைக் காண. இருந்தும் குழுவின் பெயரில் தம் பெயர் இல்லை. இதைப் பற்றிப் பின்னாளில் கேட்டபோது, என்றாவது ஒருநாள் தாம் விலகிவிடக்கூடும், அப்போது இவர்கள் இருவருக்கும் ஒரு குழு இருக்க வேண்டும் அல்லவா என்று கிரீன் கூறியதாக மிக் பிளீட்வுட் சொல்லியிருக்கிறார். தம் பெயரை நாற்காலியிலும் மேசையிலும் செதுக்கி வைக்கும் நமக்கு இது சற்று நாணம் தரும் செய்தி.

அடுத்த மூன்று ஆண்டுகள் வெற்றிமேல் வெற்றி. 1968-இல் வந்த முதல் தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டில் 'பிளாக் மாஜிக் உமன்' என்ற பாடலை எழுதினார். அது அப்போது 37-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 1970-இல் சான்டானா குழுவினர் பாடிய பிறகுதான் உலகமெங்கும் பரவிற்று. இன்றுவரை அது சான்டானாவின் பாடல் என்றே நினைப்போர் பலர். 1969 ஜனவரியில் குழுவினர் சிகாகோவுக்குச் சென்று, தாங்கள் இசைத்தட்டில் கேட்டு வியந்த வில்லி டிக்சன், ஓட்டிஸ் ஸ்பான் முதலிய பெரியவர்களுடன் ஒரே அறையில் அமர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் பிறந்து ப்ளூஸ் கிடாரின் அரசராக விளங்கிய பி.பி. கிங், தாம் கேட்டவற்றுள் மிக இனிமையான ஒலி கிரீனுடையதே என்றும், தமக்குக் குளிர்வியர்வை வரச்செய்தவர் அவர் ஒருவரே என்றும் கூறினார். பாடம் கற்பித்த ஊரிலிருந்தே பாராட்டு வந்தது என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

இவற்றுள் நாம் தனியே குறிப்பிட விரும்புவது 'ஆல்பட்ராஸ்'. சிறகடிக்காமலே நெடுந்தூரம் மிதந்து செல்லும் பெருங்கடற்பறவையின் பெயர் அது. 1968-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து, 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அந்தக் குழு எத்தனையோ ஆண்டுகள் தொடர்ந்து, கோடிக்கணக்கில் தட்டுகளை விற்ற போதிலும், பிரிட்டனில் அதற்குக் கிடைத்த முதலிடப் பாடல் இது ஒன்றுதான். பாடல் என்பதும் தவறு. இதில் சொல்லே இல்லை. பீட்டில்ஸ் குழுவினர் 'சன் கிங்' என்ற தம் பாடலுக்கு இதையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டதாக ஜார்ஜ் ஹாரிசன் பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஆக, 22 வயதில் பணமும் புகழும் வந்து குவிந்தன. அப்போதுதான் கிரீனின் மனம் வேறு திசையில் திரும்பிற்று. நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. பயாஃப்ரா பகுதியில் பஞ்சத்தால் குழந்தைகள் எலும்பும் தோலுமாக மடிந்துகொண்டிருந்த காட்சிகள் இங்கிலாந்தின் வீடுகளில் தொலைக்காட்சியில் தெரிந்தன. எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உணவு மேசைக்குச் சென்றார்கள். கிரீனால் அவ்வாறு செல்ல முடியவில்லை. நம் தேவைக்கு வைத்துக்கொண்டு மீதிப் பணத்தையெல்லாம் கொடுத்துவிடுவோம் என்று குழுவினரிடம் கேட்டார். அவர்கள் இணங்கவில்லை. அவர்களைக் குறை கூறவும் முடியாது. அப்போதுதான் வறுமை தீர்ந்து சற்றே மூச்சுவிடத் தொடங்கியிருந்தார்கள். கிரீன் தம் பங்கிலிருந்து கொடுக்கலானார். நீண்ட வெண்ணிற அங்கியும் கழுத்தில் சிலுவையும் அணிந்து மேடையில் தோன்றினார். யூதராகப் பிறந்தவர் சிலுவை அணிந்தது பலருக்குப் புதிராக இருந்தது. அவர் எந்த மதத்திலும் போய்ச் சேர்ந்துவிடவில்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தார் என்றே தோன்றுகிறது.

1970 மார்ச்சில் குழு ஜெர்மனியில் மியூனிக் நகருக்குச் சென்றது. அங்கே செல்வந்த இளைஞர் சிலர் கூட்டாக வாழ்ந்த ஒரு மாளிகைக்குக் கிரீன் அழைத்துச் செல்லப்பட்டார். எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருளை அங்கே உட்கொண்டார். அன்றிலிருந்து அவர் பழைய பீட்டராக இல்லை என்பது தோழர்களின் கருத்து. கிரீனோ, அன்றிரவு தாம் வாசித்த இசை மிக நன்றாக இருந்தது என்றே சொல்லிவந்தார்.

அதே ஆண்டு மே மாதத்தில் அவர் எழுதிய 'தி கிரீன் மனாலிஷி' வெளிவந்து பத்தாம் இடம் வரை ஏறியது. கேட்கவே அச்சமூட்டும் பாட்டு அது. கனவில் ஒரு பச்சை நாய் தம்மைப் பார்த்துக் குரைத்ததாகவும், அது பணத்தின் வடிவம் என்று தாம் உணர்ந்ததாகவும் கிரீன் கூறினார். அந்நாளில் பிரிட்டனின் ஒரு பவுண்டு நோட்டு பச்சை நிறமாக இருந்தது என்பதை அறிந்தால் இக்கனவு விளங்கும். பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர் குழுவிலிருந்து விலகினார்.

பின்னர் நடந்தவை துயரமானவை, விரைந்து சொல்லிவிடுகிறோம். தனியே ஒரு தொகுப்பு வெளியிட்டார். 1971-இல் தோழர் ஜெரமி ஸ்பென்சர் அமெரிக்கப் பயணத்தின் நடுவே ஒரு மதக்குழுவில் சேர்ந்து மறைந்துவிட, பழைய குழுவினர் தவித்தபோது ஓடிச்சென்று பயணத்தை முடித்துக் கொடுத்தார். பிறகு கல்லறைத் தோட்டத்தில் குழிவெட்டும் வேலை பார்த்தார். அவருக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றார். 1977-இல் தம் கணக்காளரைத் துப்பாக்கி காட்டி மிரட்டியதாகக் கைது செய்யப்பட்டு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். இனி எனக்குப் பணம் அனுப்பாதே என்று சொல்லவே மிரட்டினார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. அதே 1977-இல்தான் பிளீட்வுட் மாக் குழு, புதியவர்கள் சேர்ந்து முற்றிலும் வேறு வகை இசைக்கு மாறி, 'ரூமர்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அது உலகமெங்கும் 4 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. கிரீன் பணத்தைக் கொடுத்ததே நோயின் முதல் அறிகுறி என்று எழுதுவோர் இருக்கின்றனர். இதில் நமக்கு உடன்பாடு இல்லை. மியூனிக் நகருக்குச் செல்வதற்கு முன்பே, நன்றாக வாசித்தும் எழுதியும் வந்த காலத்திலேயே, அவர் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பசித்த குழந்தையைக் கண்டு தூக்கம் கெடுவது நோய் என்றால், அசிசி நகரில் துணிவணிகத் தந்தையின் சரக்கை விற்றுக் கொடுத்தவருக்கும் அந்நோயே இருந்தது எனல் வேண்டும். அவரையும் ஊரார் பித்தன் என்றே அழைத்தார்கள். அதற்காகக் கிரீனைப் புனிதராக்கிவிடவும் கூடாது. துப்பாக்கியின் முன் நின்ற கணக்காளரின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மனச்சிதைவு என்பது உண்மையான நோய். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். நோய்க்கான இயல்பு உள்ளவர்களிடம் போதைப்பொருள் அதைத் தூண்டிவிடக்கூடும். ஒரே இரவின் மேல் பழி முழுவதையும் போடுவதும், நோயே இல்லை என்பதும் இரண்டும் பொருந்தா. நல்ல உள்ளமும் நோயும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள நமக்கு ஏனோ கடினமாக இருக்கிறது.

இன்னொரு வகை எழுத்தாளரும் உண்டு. பித்தம் இருந்ததால்தான் அத்தகைய இசை வந்தது என்பர். நடந்தது நேர்மாறானது. நோய் முற்றிய காலத்தில் அவர் வாசிக்கவே இல்லை. விரல் நகங்கள் நீண்டு வளர்ந்து தந்தியைத் தொடவும் இயலாத நிலை. நோய் அவருக்கு இசையைக் கொடுக்கவில்லை, இருந்ததையும் எடுத்துக்கொண்டது.

அந்தப் பழைய கிடார் என்ன ஆயிற்று? பெல்ஃபாஸ்ட் நகரத்தைச் சேர்ந்த காரி மூர் என்ற இளைஞருக்குக் கிரீன் முன்னரே பல உதவிகள் செய்திருந்தார். கிடாரை வைத்துக்கொள் என்று அவரிடம் கொடுத்தார். மூர் தம் கையிலிருந்த கிடாரை விற்று, கிடைத்த நூற்றுச் சில்லறைப் பவுண்டைக் கொடுத்து அதைப் பெற்றார். விலைக்குக் கொடுப்பதைவிட நல்ல கையில் சேர்ப்பதே கிரீனின் விருப்பமாக இருந்தது. மூர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை வாசித்தார். 1995-இல் கிரீனின் பாடல்களை மட்டுமே கொண்ட ஒரு தொகுப்பை நன்றியுடன் வெளியிட்டார். 2006-இல் அதை விற்க நேர்ந்தது. பல கை மாறிய பின் 2014-இல் 'மெட்டாலிகா' குழுவின் கிர்க் ஹாமெட் பெருந்தொகை கொடுத்து வாங்கினார். 'கிரீனி' என்று அந்தக் கிடாருக்கே செல்லப்பெயர் உண்டு.

கிரீன் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1979-இல் 'இன் தி ஸ்கைஸ்' என்ற தொகுப்புடன் ஒருமுறை மீண்டு வந்தார், மீண்டும் ஒதுங்கினார். 1990-களின் பிற்பகுதியில் நண்பர் நைஜல் வாட்சன் துணையுடன் 'ஸ்பிளின்டர் குரூப்' என்ற குழுவை அமைத்து, சில ஆண்டுகளில் பல தொகுப்புகள் வெளியிட்டார். பழைய மின்னல் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு காலத்தில் தந்தியைத் தொடவும் இயலாதிருந்தவர், ராபர்ட் ஜான்சன் என்ற மிசிசிப்பிக் கலைஞரின் பாடல்களை ஒவ்வொன்றாகக் கற்று வாசித்தார் என்பதை எண்ணினால், அந்தத் தட்டுகளை மின்னல் இல்லை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. 1998-இல் அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல்' புகழ்மன்றத்தில் பிளீட்வுட் மாக் குழுவினர் சேர்க்கப்பட்டபோது கிரீனின் பெயரும் இருந்தது. அன்று மேடையில் அவர் பிளீட்வுட் மாக் குழுவினரோடு வாசிக்கவில்லை. சான்டானாவுடன் நின்று 'பிளாக் மாஜிக் உமன்' வாசித்தார்.

2020 பிப்ரவரி 25-இல் லண்டன் பல்லேடியம் அரங்கில் மிக் பிளீட்வுட் தம் பழைய தலைவருக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தினார். டேவிட் கில்மோர், பீட் டவுன்ஷெண்ட் போன்ற பெருங்கலைஞர்கள் வந்து கிரீனின் பாடல்களை வாசித்தனர். ஹாமெட் அந்தப் பழைய கிடாரையே கொண்டுவந்து 'தி கிரீன் மனாலிஷி'யை வாசித்தார். ஐந்து மாதங்கள் கழித்து, ஜூலை 25-இல், எசெக்ஸ் மாவட்டத்துக் கான்வி தீவில் உறக்கத்திலேயே கிரீனின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு 73 வயது.

கேட்டுப் பார்க்க விரும்பும் தோழியருக்கு ஒரு சொல். முதலில் 'தி கிரீன் மனாலிஷி'யை எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவில் கேட்டால் தூக்கம் போய்விடும். 'ஆல்பட்ராஸ்' மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல். வீட்டில் சத்தமெல்லாம் அடங்கியபின் கேளுங்கள். மத்தளத்தைக் கவனியுங்கள்: மிக் பிளீட்வுட் வழக்கமான குச்சிகளை விட்டு, நுனியில் மெத்தென்று துணி பொதிந்த கோல்களால் அடிக்கிறார்; அலை கரையைத் தொட்டுத் திரும்புவது போல் கேட்கும். அதன்மேல் கிடார்கள் இணைந்து செல்லும். ஒன்று கிரீனுடையது. மற்றது டானி கிர்வன் என்ற, அப்போது 18 வயதே நிரம்பிய, புதிதாகச் சேர்ந்த பையனுடையது. தலைவர் என்று கிரீன் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. இருவரில் யார் எங்கே நிறுத்தி யார் எங்கே தொடங்குகிறார் என்று பிரித்தறிய நாம் பலமுறை கேட்க வேண்டியிருந்தது.